ஃபேன்காரரிடம் கேட்ட கருத்து

பொட்டலம் கட்டும் இயந்திரங்களின் உலகத்தில் அவரை ஃபேன்காரர் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பால் பவுடரையும் மாவையும் பையில் நிரப்பி மூடுகிற தொழிற்சாலைகளில் எந்த இயந்திரத்தைக் கண்டாலும், அதன் தலைமாட்டில் ஓர் உறிஞ்சு விசிறியை மாட்டாமல் மனிதர் வீடு திரும்பமாட்டார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். கடைசியில் அவரே போனை எடுத்து, "ஃபேன்காரர் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

விசிறிக்கு ஒரு காரணம் இருந்தது. பவுடரைப் பைக்குள் கொட்டும்போது புழுதி கிளம்பும். அது பையின் வாயோரத்தில் போய் ஒட்டும். சூடான இரண்டு தாடைகள் வந்து வாயைக் கடித்து மூடும்போது இடையில் தூள் இருந்தால் ஒட்டு பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, பை கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஈரம் ஏறி உள்ளே இருப்பது கட்டி தட்டிவிடும். இது அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தீராத தலைவலி. புழுதி கிளம்பக் கிளம்ப உறிஞ்சி எடுத்துவிட வேண்டும் என்பது ஃபேன்காரரின் வைத்தியம். ஓரளவுக்குக் கேட்டது. இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால் வியாதி திரும்ப வந்துவிடும். உடனே இன்னும் பெரிய விசிறியாக மாட்டுவார். இப்படியே அவர் காலம் ஓடியது. வேலையிலிருந்து விலகி ஆலோசகராக ஆன பிறகும் அவர் கொடுத்த ஆலோசனையில் பாதி விசிறியைப் பற்றித்தான் இருந்தது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் ஒரு வக்கீலம்மா அவரை அழைத்தார். பெரிய இயந்திரக் கம்பெனி ஒன்றுக்காக வாதாடுகிறவர். ஒரு அக்காவும் தம்பியும் நடத்துகிற சின்னப் பட்டறை, பை மூடும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறது. அதைக் கொடுக்கக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. துறை தெரிந்த ஒருவர் அதைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும்.

"என்ன கருத்து மேடம்?"

"இது புதுசா யோசிச்சுக் கண்டுபிடிச்சதா, இல்லை உங்களை மாதிரி தொழில் தெரிஞ்ச யாருக்கும் சாதாரணமாவே தோணியிருக்குமா, அதுதான் சார் கேள்வி. சாதாரணமாத் தோணக்கூடியதுன்னா காப்புரிமை கிடையாது."

காகிதங்கள் வந்து சேர்ந்தன. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் படங்களைப் பரப்பிக்கொண்டு ஃபேன்காரர் உட்கார்ந்தார். ஒரு பெரிய சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றி நிரப்பிய பைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு பையின் வாயையும் இரண்டு பக்கமும் சின்னப் பிடிகள் பற்றி இழுத்து விறைப்பாக்குகின்றன. வாயின் இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, உள்ளே காற்று ஆடாமல் நிற்கின்றன. சக்கரம் சுற்றி வருவதற்குள் புழுதி தானாகக் கீழே அடங்கிவிடுகிறது. அதன் பிறகு தாடை வந்து மூடுகிறது. பல பைகள் ஒரே நேரத்தில் காத்திருப்பதால் மொத்த வேகம் குறையவில்லை.

விசிறி எங்கே என்று தேடினார். விசிறியே இல்லை.

இரண்டாவது முறை படித்தபோது சிரிப்பு வந்தது. மூன்றாவது முறை கோபம் வந்தது. மருந்துக்கடையில் வேலை முடித்து அவர் மனைவி வீடு திரும்பியபோது, மேசை முழுக்கக் காகிதமும் நாற்காலியில் ஒரு கடுகடுத்த முகமுமாக இருந்தது.

"என்னங்க, யாரோடயாவது சண்டையா?"

"புழுதி அடங்கற வரைக்கும் பொறுத்திருங்கன்னு சொல்லிட்டு ஒருத்தி காப்புரிமை கேக்கறா. இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா? வீடு பெருக்கறவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"நல்லதாப் போச்சு. அப்படியே எழுதிக் குடுத்துட்டு மேசையைக் காலி பண்ணுங்க, பசிக்குது."

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே உட்கார்ந்து எழுதினார். வார்த்தைகள் தடையில்லாமல் வந்து விழுந்தன. "துறை அறிந்த எவருக்கும் இது இயல்பாகவே தோன்றக்கூடியது" என்று ஓரிடத்தில் எழுதினார். அந்த வரி அவருக்கே பிடித்துப்போய், இன்னும் இரண்டு இடத்தில் அதையே வேறு மாதிரி எழுதிச் சேர்த்தார்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஒரு மாதிரி முனகிக்கொண்டே ஏறும். அங்கே அவருக்கு வழக்கை விளக்கினார்கள். கம்பெனி இரண்டு பழைய ஆவணங்களை நம்பியிருந்தது. ஒன்று, பை நிரப்பும் இயந்திரம். மூடுகிற இடத்தில் உறிஞ்சு விசிறி வைத்தது. மற்றொன்று, பாட்டிலில் மருந்துத் தூள் நிரப்பும் இயந்திரம். அதில் மூடி போடுவதற்கு முன்னால் பாட்டில்கள் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும்.

"இதையும் அதையும் ஒண்ணாச் சேர்த்தா இவங்க மெஷின் வந்துடுது" என்றார் வக்கீலம்மா. "சேர்க்கணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்குமா, இதுல வழக்கு நிக்குது. ஒரு விஷயம் சார். விண்ணப்பம் போட்ட அன்னிக்கு என்ன தெரியுமோ அதை வெச்சுத்தான் பார்க்கணும். இன்னிக்கு அவங்க படத்தைப் பார்த்துட்டு, அட இதுதானான்னு சொல்லக்கூடாது."

"அதெல்லாம் பார்த்துத்தான் எழுதியிருக்கேன்" என்றார் ஃபேன்காரர்.

கையெழுத்துக்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்தார்கள். எதிர்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் என்னவெல்லாம் கேட்பாரோ அதை வக்கீலம்மாவின் ஜூனியர் கேட்பான். அந்தப் பையன் அதுவரை அந்த அறையில் வாயைத் திறந்து ஃபேன்காரர் பார்த்ததில்லை. கதவைக்கூடப் பூனை மாதிரி சாத்துவான். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் ஆளே மாறிப்போனான்.

"புழுதியால பை சரியா ஒட்டாத பிரச்சினை உங்களுக்கு எப்போலேருந்து தெரியும் சார்?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து."

"அதைத் தீர்க்க முயற்சி பண்ணினீங்களா?"

"பண்ணாம? அதுதானே என் பொழைப்பே."

"மருந்து பாட்டில் மெஷினை அப்பவே பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காம என்ன. பக்கத்துக் கூடத்துலயே ஓடிச்சு. மத்தியானம் அந்த வழியாத்தான் சாப்பிடப் போவோம்."

"அதுல மூடிக்கு முன்னாடி பாட்டில் நிக்குமில்லையா?"

"நிக்கும்."

"தினமும் பார்த்தீங்க. உங்க பிரச்சினையும் உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் சார் இது உங்களுக்குத் தோணலை?"

ஃபேன்காரருக்குச் சுருக்கென்றது. ஆனால் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பதில்தான்.

"பாட்டில் வேற தம்பி, பை வேற. பாட்டில் வாய் கெட்டியா நிக்கும். நிரப்பின பையை நிக்க விட்டா துவண்டு போயிடும். வாய் சுருங்கி மடிஞ்சுக்கும், அப்புறம் எந்தத் தாடையாலயும் ஒட்ட முடியாது. அதனால நிரப்பின கையோட மூடிடணும், நிக்கவே விடக்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஜூனியர் பேனாவைக் கீழே வைத்தான்.

"இன்னிக்கு இது போதும்" என்றார் வக்கீலம்மா. குரலில் கோபம் இல்லை. "அடுத்த வாரம் அவங்க பட்டறையில மெஷினைப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கேன். பார்த்துட்டு வந்து முடிவு பண்ணுங்க சார். கையெழுத்துக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."

வீடு வந்த ஃபேன்காரருக்கு நெஞ்சு எரிந்தது. மனைவி கடையிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைப் போட்டும் அடங்கவில்லை. குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று குழாயைத் திட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் காரை நிறுத்திய விதத்தைத் திட்டினார். அவள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், மடித்துக்கொண்டிருந்த துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னதான் ஆச்சுன்னு சொல்லித் தொலையுங்க. இல்லாட்டி நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

சொன்னார். ஒத்திகையில் பையன் கேட்டதையும் தான் பாதியில் நிறுத்தியதையும் சொன்னார்.

"இப்போ என்ன பிரச்சினைன்னா, அது சுலபமா யாருக்கும் தோணும்னு நான் சொன்னா, இத்தனை வருஷம் அது தோணாத நான் யாரு? அடிமுட்டாள். சுலபம் இல்லைன்னு சொன்னா, அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. ரெண்டுல ஒண்ணை நான் என் வாயால ஒத்துக்கணும்."

அவள் கட்டிலில் போட்ட துணியை மறுபடி எடுத்து மடித்தாள்.

"முட்டாள்னு ஒத்துக்கறது உங்களுக்கு அவ்வளவு சுலபமா இருக்கா என்ன?"

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. ஆனால் சிரிக்கவும் முடியவில்லை. எழுந்து போய்க் குழாய்க்குப் புது வாஷர் போட்டார்.

பட்டறை ஊரின் ஓரத்தில், மரக்கடைக்கும் லாரி ஷெட்டுக்கும் நடுவில் இருந்தது. உள்ளே நுழையும் முன்பே வக்கீலம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: பார்க்கலாம், தொடலாம், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எதிர்தரப்பு வக்கீலும் அதையே சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். ஆகவே அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி மௌனமாக நின்றார்கள்.

அக்காதான் இயந்திரத்தை ஓட்டினாள். நாற்பதைத் தொட்டிருக்கலாம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, அதை எங்கே வைத்தோம் என்று மேசையில் தேடினாள். தம்பி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். பொத்தானை அமுக்கினாள். சக்கரம் சுழல ஆரம்பித்தது.

ஃபேன்காரருக்கு முதலில் உறைத்தது சத்தம். சத்தமே இல்லை. அவர் பார்த்த அத்தனை கூடங்களிலும் விசிறியின் இரைச்சலில் ஆளுக்கு ஆள் கத்திப் பேசுவார்கள். மாலையில் வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் அது இரைந்துகொண்டிருக்கும். இங்கே பிடிகள் பையின் வாயைக் கவ்வுகிற 'டக்' என்ற ஒலிகூடத் தனியாகக் கேட்டது.

இன்னும் கிட்டே போனார். பை நிரம்பியது. வாய்க்குள் வெள்ளையாகப் புகை மாதிரி புழுதி எழுந்தது. பிடிகள் இரண்டு பக்கமும் இழுக்க, பை துவளவில்லை. உதடுகள் சேர்ந்து நின்றன. பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தால் அந்த வெள்ளைப் புகை உள்ளேயே மெல்ல இறங்கிப் போவது தெரிந்தது. விசிறி இருந்திருந்தால் இந்நேரம் அதைத் திரும்பத் திரும்ப மேலே கிளப்பிக்கொண்டிருந்திருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் பட்டது. புழுதியை எடுக்க அவர் மாட்டிய விசிறிதான் அதைக் கீழே இறங்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சக்கரம் தாடைக்குப் பக்கத்தில் வருவதற்குள் வாயோரம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

தன்னையறியாமல் கையை நீட்டினார்.

"கையை உள்ளே விடாதீங்க சார், பிடி இறுக்கும்" என்றாள் அவள். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, மூடாத பை ஒன்றைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

வாயின் உட்பக்கம் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். தூள் இல்லை. இன்னொரு விரலால் ஓட்டிப் பார்த்தார். அதிலும் இல்லை.

ஃபேன்காரர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, நன்றாகவே சிரித்தார். வக்கீலம்மா அவர் முழங்கையைத் தொட்டு எச்சரித்தார். எதிர்தரப்பு வக்கீல் இதைக் குறித்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். அந்தப் பெண் மட்டும் அவர் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக ஒரு மூச்சு விட்டாள்.

அங்கிருந்து காரில் திரும்பினார்கள். அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும், தான் எழுதிய கருத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மேடம், இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது. நீங்க வேற ஆளைப் பார்த்துக்கோங்க. ஆனா யாரைப் பார்த்தாலும் அவரும் என்னை மாதிரிதான் விசிறி மாட்டிக்கிட்டு இருந்திருப்பார். இந்தத் தொழில்ல நாங்க எல்லாரும் நிக்காதே, நிக்காதேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தோம். நீங்க காட்டின முதல் ஆவணத்துலயும், வேகம் கூடினா உறிஞ்சறதைக் கூட்டுன்னுதான் போட்டிருக்கு. பாட்டிலைப் பார்த்துட்டுப் பையை நிறுத்தி வைக்கலாம்னு ஒருத்தனுக்கும் தோணாது. தோணினாலும் வாய் துவளுமேன்னு விட்டுடுவான். அந்தப் பிடியை யோசிச்சதுலதான் அவங்க கெட்டிக்காரத்தனம் இருக்கு."

சொல்லிவிட்டு, திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தார். வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"அப்பாடா" என்றார்.

ஃபேன்காரருக்குப் புரியவில்லை.

"சார், முதல் நாள்லேருந்தே எனக்கு இந்த வழக்கு மேல நம்பிக்கை இல்லை. கம்பெனி மேலாளர் கேக்க மாட்டேங்கறார். நான் சொன்னா, வக்கீல் பயப்படறாங்கன்னு சொல்றார். தொழில் தெரிஞ்ச ஒருத்தர் வாயால கேட்டா அடங்குவார். இதை அப்படியே அவர் முன்னாடி சொல்ல முடியுமா?"

"நான் தோத்த கதையையா?"

"அதைத்தான் சார். அதுதான் வேணும்."

மேலாளரின் அறை விசாலமாக, குளிர்ச்சியாக இருந்தது. அவர் பருமனான மனிதர். வந்தவர்களுக்குக் காபி வரவழைத்துவிட்டு, தான் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஃபேன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். எந்தெந்தத் தொழிற்சாலையில் எத்தனை பெரிய விசிறி மாட்டினார், எங்கே அது பையையே சேர்த்து இழுத்துக்கொண்டது, எந்த முதலாளி அவரை வாசலோடு அனுப்பினார், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லத் தொடங்குவதற்கு முன்னால் காது மடல் சூடாகியிருந்தது. பாதி வந்தபோது அது போய்விட்டிருந்தது. ஒரு கட்டத்தில் தன் கதையைத் தானே ரசித்துச் சொல்வதை அவரே கவனித்தார்.

மேலாளர் இடைமறிக்காமல் கேட்டார். முடிந்ததும் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்ற அந்தப் பெரிய விசிறி," என்றார் கடைசியில், "நீலக் கலர்ல, யானை காது மாதிரி ரெண்டு பக்கமும் மடல் வெச்சது?"

"ஆமா."

"எங்க மூணாவது கூடத்துல இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நான்தான் வாங்கிப் போட்டேன். சப்தத்துல எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்."

வக்கீலம்மா காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

"வருஷக்கணக்கா எங்க ஆளுங்களையும் கேட்டேன்," என்று மேலாளர் தொடர்ந்தார். "ஒருத்தனுக்கும் ஒண்ணும் தோணலை. அந்தப் பட்டறை மெஷின் வந்ததும் மொத்தப் பேரும், இது எங்களுக்கே தெரியுமேன்னு வந்து நிக்கறானுங்க. நானும் அதை நம்பிட்டேன்." பெருமூச்சு விட்டுக்கொண்டு காபியை எடுத்தார். "சரி. ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிடலாம். அவங்களோட உட்கார்ந்து பேசி, அந்த முறையை நாமளும் பயன்படுத்த அனுமதி வாங்கிக்கலாம். சண்டை போட்டுக்கிட்டே எத்தனை நாள் இந்த இரைச்சலைக் கேக்கறது?"

அவர் முகமும் இறுக்கம் விட்டுப் போயிருந்தது. வழக்கு வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவரும் ஏங்கிக்கொண்டிருந்திருப்பார் போல.

பேச்சுவார்த்தை அதன் பிறகு பல வாரம் நடந்தது. ஃபேன்காரருக்கு அதில் வேலை இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பட்டறைக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது, கம்பெனியோடு ஒப்பந்தமும் ஆகிவிட்டது என்று ஜூனியர்தான் போனில் சொன்னான். பழையபடி பூனைக் குரல். "நான் அன்னிக்குக் கேட்டதை மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றான்.

"வெச்சுக்காம? நீ நல்லா வருவே தம்பி" என்றார் ஃபேன்காரர்.

அன்று சாயங்காலம் மனைவியை அழைத்துவர மருந்துக்கடைக்கு நடந்தே போனார். நெஞ்செரிச்சல் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வந்தாள். இருவரும் கடைவீதி வழியாக மெதுவாக நடந்தார்கள். மேலாளரைப் பார்த்த கதையை அவர் அதுவரை அவளிடம் முழுசாகச் சொல்லவில்லை. இப்போது சொன்னார். நீல விசிறியும் மந்தமான காதும் வந்த இடத்தில் அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"அவரே வாங்கினாரா?"

"அவரே."

"அப்போ அவரும் முட்டாளா?"

"நாங்க ஒரு பெரிய சங்கமே இருக்கோம்" என்றார் அவர்.

அவள் ஒரு கடையின் பாதி இறக்கிய ஷட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே இருந்த கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று அவருக்குக் கையாட்டிவிட்டு, ஃபேன்காரர் அவள் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.